பார்த்துப் பார்த்துப் பழகிய கண்கள்

(குறுவள மையக் கூட்டத்தில் தொடக்க, நடுநிலை, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'தொலைக்காட்சியும் குழந்தைகளும்' என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்பில் நாம் எல்லோரும் நிறையக் கேட்டிருக்கிறோம். கண் கெடும், படிப்பு கெடும், உடல் பருமன் கூடும், விளையாட்டு குறையும். இவை எல்லாம் உண்மைதான். அவற்றை மறுபடியும் சொல்லி உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளப் போவதில்லை. ஒன்றே ஒன்றைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அதிர்ச்சி தரும் காட்சியை முதல் முறை பார்க்கும்போது நமக்குள் ஒரு துடிப்பு எழுகிறது. அதே காட்சியை இருபதாவது முறை பார்க்கும்போது அந்தத் துடிப்பு எங்கே போகிறது? அது போய்விட்டால் பள்ளிக்கூடத்தில் நமக்கு என்ன நட்டம்?

பழகுவது இயற்கை

அறிவியல் ஆசிரியர்கள் தொட்டாற்சிணுங்கிச் செடியை வகுப்பில் காட்டியிருப்பீர்கள். தொட்டால் இலை மூடிக்கொள்ளும். அதையே தீங்கில்லாத விதத்தில் திரும்பத் திரும்ப அசைத்தால், சிறிது நேரத்தில் செடி மூடிக்கொள்வதை நிறுத்திவிடும். இதை 2014-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தொட்டியிலிருந்த செடிகளைச் சிறு உயரத்திலிருந்து மீண்டும் மீண்டும் விழச் செய்து பார்த்தார்கள். 'இதனால் ஆபத்து இல்லை' என்று கண்டுகொண்டது போல இலைகள் விரிந்தே இருந்தன.

நரம்பு மண்டலம் உள்ள உயிர்களிலும் இது நடக்கிறது. எரிக் கான்டெல் என்ற விஞ்ஞானி கடலில் வாழும் ஒருவகை நத்தையை ஆராய்ந்தார். அதன் உடலில் ஓரிடத்தை மெல்லத் தொட்டால் செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். தொட்டுக்கொண்டே இருந்தால் இழுப்பது குறைந்துகொண்டே வரும். நரம்பு செல்கள் சேரும் இடத்தில் செய்தி பலவீனமடைவதுதான் காரணம் என்று அவர் விளக்கினார். நினைவாற்றல் பற்றிய இந்த ஆய்வுகளுக்காக 2000-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். அவர் கண்ட இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பழகிப்போன நத்தைக்குப் பலமான அதிர்ச்சி ஒன்றைக் கொடுத்தால், பழைய துடிப்பு திரும்பி வந்துவிடும். இது பிறகு நமக்குத் தேவைப்படும்.

ஆகவே பழகிப்போவது குற்றமன்று. ரயில் பாதை ஓரத்து வீட்டில் குடியிருப்பவர் இரவில் நன்றாகத் தூங்குகிறார். விருந்துக்கு வந்தவர்தான் ஒவ்வொரு ரயிலுக்கும் எழுந்து உட்காருகிறார். இந்தப் பழக்கம் இல்லாவிட்டால் உயிர்கள் வாழவே முடியாது. மருத்துவத்திலும் இதைப் பயன்படுத்துகிறார்கள். நாயைக் கண்டு நடுங்கும் குழந்தைக்கு முதலில் நாய்ப் படம், பிறகு தூரத்தில் கட்டிப்போட்ட நாய், பிறகு பக்கத்தில் என்று படிப்படியாகக் காட்டி அச்சத்தைப் போக்குகிறார்கள். பயத்தைக் குணப்படுத்துவது நல்ல விஷயம். ஆனால் அதே வழியில் இரக்கமும் கரைந்துபோகலாம். அங்கேதான் நாம் கவலைப்பட வேண்டியிருக்கிறது.

ஒரே காட்சி எத்தனை முறை?

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அன்று தெருவுக்கு ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் பெரிய காரியம். மாலையில் சில மணி நேரம் ஒளிபரப்பு. செய்தி வாசிப்பவர் தாளைப் பார்த்து அமைதியாக வாசிப்பார். விபத்துச் செய்தி வரும். விபத்தின் படம் பெரும்பாலும் வராது. 1993-இல் தமிழில் தனியார் செயற்கைக்கோள் அலைவரிசை வந்தது. பிறகு நாள் முழுவதும் செய்தி சொல்லும் அலைவரிசைகள் வந்தன.

நாள் முழுவதும் செய்தி என்றால், நாள் முழுவதும் புதிதாக ஏதோ நடக்கிறது என்று பொருளில்லை. இருக்கிற செய்தியே திரும்பத் திரும்ப வரும். இப்போது நம் கடைவீதி எங்கும் சிசிடிவி கேமரா இருக்கிறது. அதில் பதிவான பத்து விநாடிக் காட்சி கிடைத்தால் போதும். ஒரு லாரி வருகிறது, ஒரு இரு சக்கர வாகனம் திரும்புகிறது. சிவப்பு வட்டம் போட்டுக் காட்டுகிறார்கள். வேகத்தைக் குறைத்துக் காட்டுகிறார்கள். பின்னணியில் 'திடும் திடும்' என்று இசை. செய்தி வாசிப்பவர் பேசி முடிக்கும் வரை படம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை அரை மணிக்கு ஒரு முறை அந்தச் செய்தி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். 32 முறை. ஒவ்வொரு முறையும் படம் நான்கு தடவை சுற்றினால் 128. அந்த மனிதர் ஒருமுறைதான் விழுந்தார். திரையில் 128 முறை விழுகிறார். நடுவில் சோப்பு விளம்பரமும் நகைக்கடை விளம்பரமும் வருகின்றன.

2022-ஆம் ஆண்டில் நம் மாநிலத்தில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. 17,884 பேர் இறந்தார்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு இது. ஒரு நாளைக்கு 49 பேர். அந்த 49 பேரில் யார் செய்தியாகிறார்? கேமராவில் பதிவானவர். மற்ற 48 பேர் வருவதில்லை. காட்டப்படுவது எது என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் படம்தான். துயரத்தின் அளவோ, தடுத்திருக்க முடியுமா என்ற கேள்வியோ இல்லை.

தொடர்களுக்கு வருவோம். ஒரு கன்னத்தில் ஓர் அறை. அதை மூன்று கோணங்களில் மூன்று முறை காட்டுவார்கள். இடியும் மின்னலும் கூடவே வரும். நாமே கேலி பேசிச் சிரிக்கிறோம். சிரிப்பு எங்கிருந்து வருகிறது? அறை நம்மை ஒன்றும் செய்யாமல் போய்விட்டது என்பதால் வருகிறது. கான்டெலின் நத்தையை இப்போது நினைத்துப் பாருங்கள். பழகிப்போன துடிப்பை மீட்கப் பலமான அதிர்ச்சி வேண்டும். அதனால்தான் அறை போதாமல் உணவில் விஷமும், விஷம் போதாமல் கடத்தலும் வருகின்றன. காட்டுபவருக்கும் பார்ப்பவருக்கும் இடையே ஒரு ஏலம் நடக்கிறது. பாட்டியின் மடியில் உட்கார்ந்து இரண்டாம் வகுப்புக் குழந்தை அந்த ஏலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அழைக்க வருவதற்குள்

குழந்தையின் மனம் மரத்துப்போயிற்றா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அழுகிறதா, முகம் சுளிக்கிறதா என்று பார்த்துச் சொல்லிவிட முடியாது. 1973-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தார்கள். நிறையத் தொலைக்காட்சி பார்க்கும் சிறுவர்கள், அரிதாகப் பார்க்கும் சிறுவர்கள் என இரு பிரிவினருக்கும் குத்துச்சண்டைக் காட்சி உள்ள படத்தைக் காட்டி, நாடித் துடிப்பையும் தோலில் ஏற்படும் மாற்றத்தையும் கருவியால் அளந்தார்கள். நிறையப் பார்த்துப் பழகிய சிறுவர்களிடம் மாற்றம் குறைவாக இருந்தது.

அதைவிட நமக்கு நெருக்கமானது 1974-இல் டிராப்மன், தாமஸ் என்ற இருவர் செய்த ஆய்வு. மூன்றாம், நான்காம் வகுப்புக் குழந்தைகள். பாதிப் பேருக்கு அடிதடி நிறைந்த ஒரு படம் காட்டினார்கள், மற்றவர்களுக்குக் காட்டவில்லை. பிறகு ஒவ்வொரு குழந்தையிடமும், "பக்கத்து அறையில் இரண்டு சின்னக் குழந்தைகள் விளையாடுகிறார்கள். இந்தத் திரையில் பார்த்துக்கொண்டிரு. ஏதாவது பிரச்சினை என்றால் என்னை வந்து கூப்பிடு" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் போய்விட்டார். திரையில் தெரிந்தது முன்பே பதிவு செய்த காட்சி. அது குழந்தைக்குத் தெரியாது. சின்னக் குழந்தைகள் முதலில் அமைதியாக விளையாடினார்கள். பிறகு பொருள்களைத் தட்டிவிட்டார்கள். பிறகு அடித்துக்கொண்டார்கள். அடிதடிப் படம் பார்த்த குழந்தைகள் பெரியவரை அழைக்க அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள்.

ஆசிரியர்களாகிய நமக்கு இந்த ஆய்வு சட்டென்று புரியும். இடைவேளையில் மைதானத்தின் மூலையில் இரண்டு பேர் கட்டிப் புரள்கிறார்கள் என்றால், நமக்கு எப்படித் தெரியவருகிறது? "சார், அங்க அடிச்சிக்கிறாங்க சார்", "மிஸ், ரத்தம் வருது மிஸ்" என்று மூச்சிரைக்க ஒரு குழந்தை ஓடிவருகிறது. அந்தக் குழந்தை ஓடிவர எடுத்துக்கொண்ட நேரம்தான் நம் பள்ளியின் பாதுகாப்பு. சுற்றுச்சுவர் உயரமும் கேமராவும் அதற்குப் பிறகுதான். அடித்தவனும் அடிபட்டவனும் இரண்டு பேர். சுற்றி நின்றவர்கள் இருபது பேர். அந்த இருபது பேரில் முதலில் ஓடிவருபவர் பத்தாவது விநாடியில் வருகிறாரா, மூன்றாவது நிமிடத்தில் வருகிறாரா என்பதில் ஒரு பல்லோ ஒரு கண்ணோ இருக்கிறது.

பெரியவர்களிடமும் இது சோதிக்கப்பட்டிருக்கிறது. 2009-இல் புஷ்மன், ஆண்டர்சன் என்ற இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். திரையரங்குக்கு வெளியே, கணுக்காலில் கட்டுப் போட்ட ஒரு பெண் ஊன்றுகோலைத் தவறவிட்டு எடுக்கச் சிரமப்படுவது போல நடித்தார். படம் பார்க்க உள்ளே போகிறவர்கள் உதவ எடுத்துக்கொண்ட நேரத்தில் வித்தியாசம் இல்லை. ஆனால் வன்முறைப் படம் பார்த்துவிட்டு வெளியே வந்தவர்கள், அமைதியான படம் பார்த்துவிட்டு வந்தவர்களைவிட 26 சதவீதம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். உதவாமல் போகவில்லை, கவனியுங்கள். தாமதமாக உதவினார்கள்.

இந்த ஆய்வுகள் மீது கேள்விகளும் உண்டு. ஆய்வறையில் சில நிமிடங்களில் காண்பதை வாழ்நாள் முழுவதற்கும் நீட்டிச் சொல்லலாமா என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். தொலைக்காட்சி பார்க்கும் குழந்தை எல்லாம் முரடனாகிவிடும் என்று யாரும் சொல்லிவிட முடியாது, நானும் சொல்லவில்லை. நான் சொல்வது சிறியது. பழகிய கண்களுக்கு 'இது பிரச்சினை' என்று படுவதற்கே கூடுதல் நேரம் ஆகிறது. அந்தத் தாமதம்தான் நம் கவலை.

மரத்துப்போவதும் பயந்துபோவதும்

இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம். "எங்கள் வீட்டில் செய்தி பார்த்துப் பார்த்துக் குழந்தைக்குப் பயம்தானே கூடுகிறது? ராத்திரி தனியாகக் கழிவறைக்குப் போக மாட்டேன் என்கிறதே?" நியாயமான கேள்வி. 2013-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்தது. அடுத்த வாரத்தில் தினமும் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்திகளில் மூழ்கியிருந்தவர்கள், குண்டு வெடித்த இடத்தில் இருந்தவர்களைவிடவும் அதிக மன அழுத்தம் தெரிவித்தார்கள் என்று ஓர் ஆய்வு கண்டது. ஜார்ஜ் கெர்ப்னர் என்ற தகவல் தொடர்பு அறிஞர் 1960-களின் இறுதியிலிருந்தே இதை ஆராய்ந்து வந்தார். நிறையத் தொலைக்காட்சி பார்ப்பவர்கள் உலகத்தை அது இருப்பதைவிடக் கொடியதாக நினைக்கிறார்கள் என்றார்.

மரத்துப்போவதும் பயந்துபோவதும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றும். உண்மையில் இரண்டும் ஒரே குழந்தைக்குள் குடியிருக்க முடியும். அடுத்தவர் வலி பழகிவிடுகிறது. தனக்கு வந்துவிடுமோ என்ற பயம் மட்டும் தங்கிவிடுகிறது. 'உலகமே மோசம், நமக்கேன் வம்பு' என்ற நிலைக்கு இரண்டும் சேர்ந்து கொண்டுபோய் விடுகின்றன. இரக்கம் குறைந்து பயம் கூடிய குழந்தை ஓடிவந்து சொல்லாது. கூட்டத்தின் பின்வரிசையில் போய் நின்றுகொள்ளும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அழாமல், அசையாமல் நிற்கும் குழந்தையைப் பார்த்து 'டிவி பார்த்து மனம் கல்லாகிவிட்டது' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வீட்டிலேயே அடிதடியைப் பார்க்கும் குழந்தையும் அப்படித்தான் நிற்கும். அதற்கு அது திரையில் பழகிய காட்சி அன்று, அம்மாவுக்கு நடப்பது. வகுப்பறையில் சத்தம் வந்தால் உறைந்துபோகும் குழந்தையிடம் தனியாக உட்கார்ந்து பேச வேண்டியது நம் கடமை.

கைக்கு வேலை இல்லாத பார்வை

108 ஆம்புலன்சில் வேலை செய்யும் மருத்துவ உதவியாளர் ஒரு வாரத்தில் பார்க்கும் ரத்தத்தை நாம் ஆண்டு முழுவதும் பார்த்திருக்க மாட்டோம். அவருக்கும் பழகிப்போயிருக்கிறது. முதல் நாள் போலக் கை நடுங்கினால் அவரால் வேலை செய்ய முடியாது. ஆனால் அவரை மரத்துப்போனவர் என்று நாம் சொல்வதில்லை. ஏன்? பார்த்த அடுத்த விநாடி அவர் கை வேலை செய்கிறது. ரத்தத்தை நிறுத்துகிறது, மூச்சு இருக்கிறதா என்று பார்க்கிறது. தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருப்பவருக்குக் கண்ணுக்குத்தான் வேலை; கைக்கு ஒரு வேலையும் இல்லை. துடிப்பு எழுகிறது, போக வழியில்லாமல் அடங்குகிறது. மறுபடி எழுகிறது, மறுபடி அடங்குகிறது. சம்மணமிட்டு நெடுநேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறது அல்லவா? அதற்கு மருந்து எழுந்து நடப்பதுதான். மனத்துக்கும் அதுவே மருந்து என்று நினைக்கிறேன். பார்த்ததற்கும் செய்வதற்கும் உள்ள இணைப்பை மீட்டுத் தருவதுதான் பள்ளிக்கூடம் செய்யக்கூடிய காரியம்.

2019 அக்டோபர் 25 அன்று மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. தீபாவளி நேரம். 29-ஆம் தேதி அதிகாலை உடலை மீட்கும் வரை தமிழ்நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தது. அந்த நாள்களில் நாம் யாரும் மரத்துப்போகவில்லை, அழுதோம், வேண்டிக்கொண்டோம். ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தோம். அந்த நேரலையை ஒரு குடும்பம் பார்த்துக்கொண்டிருந்தபோதே, தூத்துக்குடியில் இன்னொரு இரண்டு வயதுக் குழந்தை குளியலறைத் தண்ணீரில் மூழ்கி இறந்த செய்தியும் அந்த வாரத்திலேயே வந்தது. அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல இதைக் குறிப்பிடவில்லை. திரை நம் கண்ணையும் காதையும் எந்த அளவுக்குப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளை மூடுவது பற்றி உச்ச நீதிமன்றம் 2010-லேயே வழிகாட்டு நெறிகள் கொடுத்திருந்தது. நடுக்காட்டுப்பட்டிக்குப் பிறகு பல ஊர்களில் திறந்து கிடந்த கிணறுகளை மூடினார்கள். 'நம் ஊரில் திறந்த கிணறு எங்கே இருக்கிறது?' என்று கேட்ட கணத்தில் அந்தத் துயரம் கைக்கு வந்துவிட்டது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகளை இழந்தோம். அந்தப் படங்களை நாம் இன்றும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு பள்ளிகளிலிருந்து கீற்றுக்கூரைகள் அகன்றன. பார்த்ததைத் தொடர்ந்து செய்தோம் என்பதால்தான் அந்த நினைவுக்கு இன்றும் ஒரு பொருள் இருக்கிறது.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

புதிய பாடவேளை கேட்கவில்லை. இருக்கிற பாடங்களுக்குள்ளேயே செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, எண்ணச் சொல்லுங்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குக் கணக்கில் நேர்க்கோட்டுக் குறிகளும் பட்டை வரைபடமும் வருகின்றன. வீட்டில் வழக்கமாகப் பார்க்கும் ஒரு செய்தி நேரத்தில் ஒரே படம் எத்தனை முறை வந்தது, எத்தனை முறை 'பரபரப்பு' என்ற சொல் வந்தது என்று குறித்து வரட்டும். ரத்தக் காட்சியைத் தேடிப் பார்க்கச் சொல்ல வேண்டாம். வானிலை, அரசியல் செய்தி எதுவாக இருந்தாலும் போதும். எண்ணத் தொடங்கிய குழந்தை வெறும் பார்வையாளராக இருப்பதில்லை. 'எதற்காக இத்தனை முறை காட்டுகிறார்கள்?' என்ற கேள்வி தானாக வரும்.

இரண்டாவது, தமிழ்ப் பாடவேளையில் ஒரு செய்தியை நான்கு வரியில் எழுதச் சொல்லுங்கள். 'பகீர்', 'கொடூரம்', 'பதைபதைக்க வைக்கும்' போன்ற சொற்கள் கூடாது. யார், எங்கே, எப்போது, எப்படி, அடுத்து என்ன? இந்த ஐந்துக்கும் விடை இருக்க வேண்டும். கடைசிக் கேள்வியில்தான் மாணவர் தடுமாறுவார். 'அடுத்து என்ன' என்பதைத் தொலைக்காட்சி பெரும்பாலும் சொல்வதில்லை. ஒரு மாதம் கழித்து அதே செய்தியைத் தேடிப் படித்து எழுதி வரச் சொன்னால், அது உயர்நிலை வகுப்புக்கு நல்ல செயல்திட்டம்.

மூன்றாவது, ஓடிவந்து சொல்வதைப் பயிற்சியாகச் செய்யுங்கள். தொடக்க வகுப்புகளில் நடித்துக் காட்டலாம். ஒருவர் விழுகிறார், ஒருவர் பக்கத்தில் இருக்கிறார், ஒருவர் ஆசிரியரை அழைக்க ஓடுகிறார். என்ன சொல்ல வேண்டும், எந்த ஆசிரியரிடம் சொல்ல வேண்டும் என்பது தெளிவாக இருக்கட்டும். 1098 சிறார் உதவி எண், 108, 14417 கல்வி உதவி எண் ஆகியவை சுவரில் இருந்தால் மட்டும் போதாது. மனப்பாடமாக வர வேண்டும். உயர்நிலை மாணவர்களிடம், விபத்தில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுபவருக்கு 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது என்று சொல்லுங்கள். 'உதவினால் கேஸ் ஆகிவிடும்' என்ற பயம் வீடுகளில் இன்னும் இருக்கிறது.

இதோடு சேர்ந்த ஒன்று. மூச்சிரைக்க வந்து சொல்லும் குழந்தையிடம் "போய் உட்காரு, சும்மா கோள் சொல்லாதே" என்று சொல்லும் வகுப்பறைகளும் இருக்கின்றன. ஒருமுறை அப்படிச் சொன்னால், அடுத்த முறை அந்தக் குழந்தை வராது. தொலைக்காட்சி உண்டாக்கும் தாமதம் ஒருபுறம் இருக்கட்டும். நம் ஒரு வார்த்தை உண்டாக்கும் தாமதம் அதைவிடப் பெரியது. பென்சிலை எடுத்துவிட்டான் என்று சொல்ல வந்தாலும் முகம் பார்த்துக் கேளுங்கள். சின்ன விஷயத்துக்குக் காது கொடுத்தால்தான் பெரிய விஷயத்துக்கு ஓடிவருவார்கள்.

நான்காவது, விழிப்புணர்வு என்ற பெயரில் பள்ளியிலேயே அதிர்ச்சிக் காட்சிகளைத் திரையிட வேண்டாம். சாலைப் பாதுகாப்பு வாரத்தில் விபத்துக் காணொளிகளை வரிசையாகப் போட்டுக் காட்டினால், முதலில் அமைதி இருக்கும், மூன்றாவதில் முணுமுணுப்பு, ஐந்தாவதில் சிரிப்பு. தலைக்கவசத்தை எப்படிச் சரியாகக் கட்டுவது என்று கையில் கொடுத்துச் செய்யச் சொல்வது அதைவிட நல்ல பாடம்.

ஐந்தாவது, நம் கைபேசிகள். 2023 ஜனவரி 9 அன்று மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தொலைக்காட்சிகளுக்கு ஓர் அறிவுரை வெளியிட்டது. ரத்தக் காட்சிகளையும் உடல்களையும், பெண்கள், குழந்தைகள், முதியோர் தாக்கப்படுவதையும் மறைக்காமல் காட்டக் கூடாது என்றது. அதில் சுட்டிக்காட்டிய நிகழ்வுகளில் ஒன்று பாட்னாவில் ஐந்து வயதுக் குழந்தையைத் தனிப்பயிற்சி ஆசிரியர் ஒருவர் அடித்த காட்சி. அந்தக் குழந்தை அலறும் ஒலியோடு அது ஒளிபரப்பானது. இப்படிப்பட்ட காட்சிகள் ஆசிரியர் குழுக்களிலும் சுற்றி வருகின்றன. 'அனைவரும் பகிரவும்' என்று வரும். பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடுவது போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அது நம் வகுப்புக் குழந்தையாக இருந்தால் பகிர்வோமா? புகார் செய்ய வேண்டியது என்றால் உரியவரிடம் புகார் செய்வோம். பகிர்வதால் ஒரு காரியமும் நடக்கப்போவதில்லை.

கடைசியாக, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோரிடம் இரண்டே விஷயம் சொல்லலாம். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் செய்தி அலைவரிசையை அணைத்துவிடுங்கள் என்பது ஒன்று. அந்த அரை மணி நேரத்தில் உலகத்தில் எதுவும் நம்மை விட்டுப் போய்விடாது. யூஏ என்ற ஒரே முத்திரையை இப்போது 7, 13, 16 வயது என மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள் என்பது இரண்டாவது. படம் தொடங்கும்போது ஒரு மூலையில் அந்த எண் வரும். அதைப் பார்க்கப் பல வீடுகளில் பெற்றோரைவிடப் பிள்ளைகளுக்கே நன்றாகத் தெரிகிறது. பிள்ளைகளிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். அதில் ஓர் உரையாடல் தொடங்கும்.

நண்பர்களே, தொலைக்காட்சிப் பெட்டியை நம்மால் அணைக்க முடியாது. அது நம் அதிகாரத்தில் இல்லை. கைபேசி வந்த பிறகு அந்தப் பெட்டி ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. ஆனால் காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை குழந்தைகள் நம்மிடம் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் அவர்கள் பார்க்கும் ஒவ்வொரு வலிக்கும் ஏதாவது ஒரு சின்னச் செயலைச் சேர்த்துவிட முடியும். விழுந்தவனுக்குத் தண்ணீர் கொடுப்பது, அழுபவள் பக்கத்தில் உட்காருவது, யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் போய்ச் சொல்வது. இவை போதும்.

அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் பள்ளியில் ஒரு மாதத்தில் எத்தனை குழந்தைகள் தாமாக வந்து ஒரு பிரச்சினையைச் சொன்னார்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள். எண்ணிக்கை கூடியிருந்தால் பள்ளியில் சண்டை கூடிவிட்டது என்று பயப்பட வேண்டாம். சொல்லலாம் என்ற நம்பிக்கை கூடியிருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம்.